"நீ போய்ட்டு வா... நான் வண்டியிலேயே இருக்கேன்!" - அம்மாவுடன் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் கார் பயணம்

இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில், அம்மா.

மூன்று வருடங்களுக்கு முன்பு காசிக்கு குரூப் டூர் போனார். 40 பேர், ஒரே பஸ். திரும்பி வந்ததும் கங்கை ஆரத்தியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். "சாரநாத் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "அங்க நான் இறங்கலடி. எனக்காக எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கணும்ல..." என்றார். துருவித் துருவிக் கேட்டதில், மூன்று இடங்களில் அவர் பஸ்ஸைவிட்டே இறங்கவில்லை என்று தெரிந்தது. மன்னார்குடியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் போய், ஜன்னல் வழியாக பார்க்கிங்கைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அம்மாவுக்கு 62 வயது. தபால் அலுவலக கவுன்ட்டரில் 34 வருடம் வேலை பார்த்தவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நடப்பார், படியும் ஏறுவார். ஆனால், மெதுவாக. குரூப் டூரில் எல்லாம் கிடைக்கும், அந்த 'மெதுவாக' மட்டும் கிடைக்காது.

அதனால்தான் இந்த பிப்ரவரியில், எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு கார் புக் செய்தேன். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர். மேப்பில் கோடு போட்டால் முக்கோணமாக வரும். டிராவல்ஸ்காரர்கள் 'கோல்டன் ட்ரையாங்கிள்' என்கிறார்கள். 4 இரவு, 5 பகல். அப்பா வரவில்லை. மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தைக் காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்!

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். செடான் காருக்கு 18,000 ரூபாய். டீசல், டோல், பார்க்கிங், மாநில எல்லை வரி, டிரைவர் பேட்டா எல்லாம் அதில் அடக்கம். ஓட்டல், நுழைவு டிக்கெட், கைடு கட்டணம் தனி. 'எல்லாம் அடக்கம்' என்று வாயால் சொல்வதை நம்பாமல், எதெல்லாம் அடக்கம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொல்லாமல் கிலோமீட்டர் கணக்கில் ரேட் சொல்வார்கள். அப்போது நாம் 80 கிலோமீட்டர் ஓடினாலும், 'குறைந்தபட்சம் 250' என்று போட்டுவிடும் வழக்கம் உண்டு. கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்ற நாள்களைப் பிரிக்க வேண்டும். நாங்கள் ஞாயிறு காலை கிளம்பினோம்.

எங்கள் டிரைவர் உத்தரகாண்ட் மலைக் கிராமத்துக்காரர். 45 வயது இருக்கும். எனக்கு இந்தி சுத்தமாக வராது. அம்மாவுக்கு வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. பள்ளிக் காலத்தில் பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டில் இந்தி படித்து, பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என மூன்று பரீட்சை பாஸ் செய்தவர். 45 வருடமாக யாரிடமும் பேசாத இந்தி. கார் கதவைத் திறந்தவரிடம், "ஆப் கா ஷுப் நாம் க்யா ஹை?" என்று பாடப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்தார். அந்த மனிதர் ஒரு நொடி திகைத்து, பிறகு கைகூப்பி, தன் பெயரைச் சொன்னார். அப்போதிலிருந்து அம்மா அவருக்கு 'மாதாஜி'.

முதல் நாள்... தோல்விதான்!

டெல்லி நாளுக்கு என்னிடம் ஒரு லிஸ்ட் இருந்தது. குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், லோதி கார்டன், அக்ரசேன் கி பாவ்லி, கன்னாட் பிளேஸ், மலை மந்திர். ஏழு இடம், ஒரே நாள். தனி கார்தானே, பறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

குதுப்மினார் நன்றாகப் போனது. சமதளம். 73 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மா நேராக அந்த இரும்புத் தூண் பக்கம் போனார். 1,600 வருடத்துக்கு முந்தைய தூண், வெயில் மழையில் நின்றும் துரு அரித்துப் போகவில்லை. "நம்ம வீட்டு கேட்டுக்கு இந்த ஆசாரி கிடைச்சா நல்லா இருக்கும்" என்றார். ரசித்திருப்பேன். ஆனால், நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். கைடு வேறு, "நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்..." என்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

மதியம் ஹுமாயூன் கல்லறை. தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று சொல்வார்கள். கணவனுக்காக மனைவி பேகா பேகம் கட்டியது. கல்லறை ஓர் உயரமான மேடைமேல் இருக்கிறது. மேலே போக செங்குத்தான படிகள். அம்மா அதன் போட்டோவை என் போனில் பார்த்தார். என் கை வாட்சைப் பார்த்தார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார். "நீ போய்ட்டு வா... நான் வண்டியிலேயே இருக்கேன்."

பஸ்ஸுக்குப் பதில் கார். அவ்வளவுதான் மாறியிருந்தது.

மேலே போய் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒன்றுமே மனதில் நிற்கவில்லை. மீதி இடங்களை அரைகுறையாக முடித்து, சாயங்காலம் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனோம். சுவாமிமலை முருகனை நினைத்து டெல்லித் தமிழர்கள் எழுப்பிய கோயில். 1973-ல் கும்பாபிஷேகம் நடந்தது. பெயரிலேயே மலை இருக்கிறது, படி இல்லாமல் இருக்குமா? 'இங்கேயும் கீழேயே நின்று கும்பிட்டுக்கொள்வார்' என்று நினைத்தேன். அம்மா செருப்பைக் கழற்றினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காரைக்குடி ஆச்சி ஒருவரிடம் ஊர்க்கதை பேசினார். மறுபடி ஏறினார்.

ஹுமாயூனுக்கு மடங்காத முழங்கால், முருகனுக்கு எப்படி மடங்கியது? இறங்கும்போது கேட்டே விட்டேன்.

"முருகன் வாட்சைப் பார்க்க மாட்டான்டி" என்றார்.

சுருக்கென்றது. அன்று இரவு ஓட்டலில் உட்கார்ந்து என் லிஸ்ட்டை அடித்தேன். ஆக்ரா கோட்டை, சிக்கந்த்ராவில் அக்பர் கல்லறை, ஃபதேபூர் சிக்ரி, ஜெய்ப்பூரில் நஹர்கர் கோட்டை எல்லாம் போச்சு. ஃபதேபூர் சிக்ரியை அடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. 54 மீட்டர் உயர புலந்த் தர்வாஸாவைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. இப்போதும் இருக்கிறது.

பூசணிக்காய் மிட்டாய்!

திங்கள்கிழமை காலை யமுனா எக்ஸ்பிரஸ்வே. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி உண்டு. ஆனால், பனிக்காலத்தில் வரம்பைக் குறைத்துவிடுவார்கள். அன்றைக்கும் வெள்ளைத் துணியைப் போர்த்தியதுபோல மூட்டம். எங்கள் டிரைவர் ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, "மூட்டம் கொஞ்சம் விலகட்டும்" என்று டீ வாங்கி வந்தார். முதல் நாளாக இருந்தால் நான் நெளிந்திருப்பேன்.

ஆக்ராவில் நுழைந்ததும் தெருவுக்குத் தெரு 'பேட்டா' கடைகள். டிரைவர் பேட்டா இல்லை, இது சாப்பிடுகிற பேட்டா! வெண்பூசணியைத் துண்டு போட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரைப் பாகில் வேகவைத்துச் செய்கிறார்கள். விஷயம் தெரிந்ததும், "நாம திருஷ்டி சுத்தி ரோட்டுல போட்டு உடைக்கிறதை இவங்க மிட்டாயா திங்கிறாங்களே!" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்றார்.

சாயங்காலம் மேதாப் பாக் என்ற தோட்டம். யமுனையின் இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் தாஜ்மகால். படியே கிடையாது, பெரிய கூட்டமும் இல்லை. தாஜ்மகாலின் முதல் பார்வை எங்களுக்கு ஆற்றின் குறுக்கே, பின்பக்கமாகத்தான் கிடைத்தது. நேரம் ஆக ஆக வெள்ளை மஞ்சளாகி, சாம்பல் நிறமாகி மங்கியது. 'ஷாஜகான் இங்கே தனக்குக் கறுப்புத் தாஜ்மகால் கட்ட நினைத்தார்' என்று ஒரு கதை உண்டு. தோண்டிப் பார்த்ததில் அதற்கான அஸ்திவாரம் எதுவும் கிடைக்கவில்லை. வயசானவர்களோடு போகிறீர்களா? இந்த இடத்தை விடாதீர்கள்.

தாஜ்மகால் 3 மணி நேரம்

மறுநாள் விடிவதற்கு முன்பே கிழக்கு வாசல். தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகள் போகக் கூடாது. காரை நிறுத்திவிட்டு பேட்டரி வண்டியில் ஏறினோம். டிக்கெட் இந்தியர்களுக்கு 50 ரூபாய். கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200. டிக்கெட்டுக்கு 3 மணி நேரம் கெடு. "ராஷ்ட்ரபாஷா பரீட்சை மாதிரியே இருக்கு" என்றார் அம்மா.

எங்கள் கைடு கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர். அட்டை இல்லாமல் வாசலில் வந்து பேசுகிறவர்களை நம்பாதீர்கள். வரலாறு நன்றாகத் தெரிந்தவர்தான். வெள்ளைப் பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. வேலை 1632 வாக்கில் தொடங்கியது. எல்லாமே இடமும் வலமும் சமமாக இருக்கிற இந்தக் கட்டடத்துக்குள், பிற்பாடு வைத்த ஷாஜகானின் கல்லறை மட்டும்தான் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. இதெல்லாம் அவர் சொன்னதுதான். கூடவே, 'வேலை செய்தவர்களின் கைகளை வெட்டிவிட்டார்கள்' என்ற கதையையும் எடுத்துவிட்டார். அதற்கு ஆதாரமே இல்லை என்று நான் படித்திருந்தேன், சொன்னேன். "டூரிஸ்ட்டுகளுக்குப் பிடிக்கும் மேடம்" என்று சிரித்தார்.

அம்மாவைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு தகவல். மும்தாஜ் இறந்தது 1631-ல், புர்ஹான்பூரில், 38 வயதில். பிரசவத்தில். 14-வது குழந்தை.

"பதினாலா?" என்று இந்தியில் திருப்பிக் கேட்டார். "சௌதா" என்றார் கைடு. அதன் பிறகு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. மேடைக்குப் போகும் படியில் ஐந்து ஐந்தாக ஏறி, உட்கார்ந்து, மறுபடி ஏறினார். நான் வாட்சைக் கழற்றி பைக்குள் போட்டிருந்தேன். உள்ளே போய், பளிங்குத் தடுப்பில் பதித்திருந்த பூக்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தபோதுதான் வாய் திறந்தார்.

"அழகாத்தான் கட்டியிருக்கான். அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கலாம்."

மூன்று மணி நேரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தோம். எங்களுக்குப் பிறகு வந்த ஒரு கொடி பிடித்த குரூப், எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டது.

'ஒரு சின்ன டெமோ'

வெளியே வந்ததும் கைடு, "பளிங்கு வேலை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு சின்ன டெமோ... 10 நிமிஷம்" என்றார். தனி காரில் போகிற எல்லோரையும் இந்த 10 நிமிஷம் எங்காவது பிடிக்கும். ஆக்ராவில் பளிங்கு, ஜெய்ப்பூரில் கற்களும் கம்பளமும்.

டெமோ உண்மையிலேயே அருமை. ஒருவர் கையால் சக்கரத்தைச் சுழற்றி, நகத்தைவிடச் சின்னக் கல்லை இதழ் வடிவத்தில் தேய்க்கிறார். இன்னொருவர் பளிங்கில் அதற்கான பள்ளம் குடைகிறார். அம்மா அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு உள் கதவு திறந்தது. ஏ.சி ஷோரூம், குளிர்பானம், 40,000 ரூபாய் மேஜைப் பலகை. "கூரியரில் வீட்டுக்கே வரும் மாதாஜி" என்றார்கள். அம்மா எழுந்து நின்று, "ஹமே(ங்) குச் நஹீ(ங்) சாஹியே, தன்யவாத்" என்றார். எங்களுக்கு எதுவும் வேண்டாம், நன்றி. செய்தி வாசிப்பதுபோல அவ்வளவு தெளிவாக!

காரில் ஏறியதும் எனக்குக் கோபம். டிரைவரிடம் அம்மா மூலம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. வாங்கினால் கைடுக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. எதுவும் வாங்காவிட்டாலும், ஆளைக் கூட்டி வந்ததற்கு அவர் கையில் ஏதோ கொஞ்சம் கொடுப்பார்களாம். "சம்பளம் மட்டும் போதாது மாதாஜி" என்றார்.

நான் பொருமிக்கொண்டிருந்தேன். அம்மா, "எங்களுக்கும் மாசம் இத்தனை ஆர்.டி கணக்கு பிடிக்கணும்னு டார்கெட் உண்டு. பென்ஷன் வாங்க வர்ற கிழவிகளைக்கூட விடமாட்டோம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன். கார் புக் செய்யும்போதே 'ஷாப்பிங் ஸ்டாப் வேண்டாம்' என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். நாங்கள் அதன் பிறகு சொன்னோம். ஜெய்ப்பூரில் யாரும் எங்களை எந்தக் கடைக்கும் கூட்டிப் போகவில்லை. முகமும் கோணவில்லை.

3,500 படி... யாரும் இறங்கவில்லை!

ஃபதேபூர் சிக்ரியை விட்டதால் கைவசம் நேரம் இருந்தது. டிரைவரே ஒரு யோசனை சொன்னார். ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் போகும் வழியில், சுமார் 95 கிலோமீட்டர் முன்னால், ஆபாநேரி என்ற கிராமம். அங்கே சாந்த் பாவ்டி என்ற படிக்கிணறு. 1,000 வருடத்துக்கும் மேல் பழையது. 13 அடுக்கு, 3,500 படிகள் என்கிறார்கள். கணக்கு நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல, மூன்று பக்கமும் படிகள் முக்கோண முக்கோணமாகக் கீழே இறங்கி, அடியில் பச்சைத் தண்ணீரில் முடிகின்றன.

'3,500 படி' என்றதும் நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். போனால்... பாதுகாப்புக்காகக் கம்பி போட்டிருக்கிறார்கள். யாருமே இறங்கக் கூடாது! ஜீன்ஸ் போட்ட காலேஜ் பையன்களும், வெளிநாட்டுக்காரர்களும், அம்மாவும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். "இது நல்ல இடம்" என்று சான்றிதழ் கொடுத்தார் அம்மா. இந்தப் பயணத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்தது தாஜ்மகாலா, இதுவா என்று இன்னும் முடிவாகவில்லை.

ஜெய்ப்பூரில் புதன்கிழமை முழு நாள். ஆமேர் கோட்டைக்கு ஜீப்பில் போனோம். யானைமேலும் போகலாம். வெயிலில் சரிவேறும் யானையைப் பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. ஹவா மகாலை எல்லோரும் எதிர்ச் சாரியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 1799-ல் கட்டியது, 953 ஜன்னல்கள். உள்ளே போய்ப் பாருங்கள். மேல் தளங்களுக்கு ஏற பெரும்பாலும் படிக்குப் பதில் சரிவுப் பாதை! அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து மேலே போய், ஒரு ஜன்னலின் சின்ன ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார். அந்தக் காலத்து ராணிகள் செய்த அதே வேலை.

ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயர சூரியக் கடிகாரத்தின் நிழலையும் தன் வாட்சையும் ஒப்பிட்டு, "தப்பு காட்டுதே" என்றார். தப்பில்லை. ஜெய்ப்பூரின் உள்ளூர் நேரம் இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய 27 நிமிடம் பின்னால் இருக்கிறது. சூரியன் வேறு மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின் போகும். கைடு அதைக் கூட்டிக் கழித்துக் காட்டினார். தபால் ஆபீஸ்காரருக்குக் கணக்கு டேலி ஆனதும்தான் முகம் மலர்ந்தது.

ரஜாய்

அன்று இரவு 10 மணிக்கு ஓட்டல் பால்கனியில் நின்றேன். கீழே எங்கள் கார். முன் சீட் சாய்ந்திருந்தது. உள்ளே ஒரு உருவம், போர்வைக்குள்.

நாங்கள் தங்கிய ஓட்டலில் டிரைவர்கள் தங்க இடம் கிடையாது. ஆக்ராவிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. வெளியே ரூம் எடுக்கத்தான் பேட்டா. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தால் ஊரில் பையனின் ஐ.டி.ஐ ஃபீஸுக்கு ஆகும் என்று காரிலேயே படுக்கிறார். ஓட்டல் புக் செய்யும்போது வைஃபை இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா, காலை டிபன் உண்டா என்று எல்லாம் கேட்டேன். 'டிரைவர் படுக்க இடம் இருக்கிறதா' என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவரை நம்பித்தான் 800 கிலோமீட்டர் போகிறோம்.

அம்மா ரிசப்ஷனுக்குப் போய் தன் ராஷ்ட்ரபாஷாவில் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. எங்கள் அறையில் கூடுதலாக இருந்த ரஜாயை, மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, லிஃப்ட்டில் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை டெல்லி திரும்ப வேண்டும். இரவு எட்டரைக்கு சென்னை ஃபிளைட். மதியம் ஒரு தாபாவில் சாப்பிட நிறுத்தினோம். சாப்பிட்டு முடித்து டிரைவர் சாவியை எடுத்தபோது அம்மா அவர் கண்களைப் பார்த்தார். "ஏக் கண்டா ஸோ ஜாயியே" என்றார். ஒரு மணி நேரம் தூங்குங்கள். அவர் மறுத்தார். அம்மா கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து இன்னொரு டீ சொன்னார்.

"ம்மா, லேட்டாயிடும்மா..."

"ஆகாது. அவர் வண்டியில இருக்கட்டும். நாம இங்க இருப்போம்."

சரியாக ஒரு மணி நேரம். டெல்லி ஏர்போர்ட்டில் செக்-இன் மூட 20 நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். வீல்சேர் வேண்டுமா என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். "வேணாம், நடந்தே வர்றேன்" என்றார் அம்மா. கேட்டுக்குப் போகும் வழியில் அப்பா போன் செய்தார். வடகத்தில் பாதியைக் காக்கா தின்றுவிட்டதாம்.